கடற்கரை ரோடா, ஹைவேயா? குமரி மாவட்டத்தில் வழி பார்த்து வண்டி ஓட்ட

கன்னியாகுமரியிலிருந்து களியக்காவிளைக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று ஊர் ஊராகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66. பழைய ஆட்கள் இன்னும் அதை 47 என்றுதான் சொல்வார்கள். மற்றது கோவளம், மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலை ஒட்டி வரும் மேற்குக் கடற்கரைச் சாலை. முதலாவது சுமார் 58 கிலோமீட்டர். இரண்டாவது, தேங்காப்பட்டணத்தில் உள்ளே திரும்பி புதுக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்தால், சுமார் 70. பன்னிரண்டு கிலோமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தில் கிலோமீட்டரை வைத்து வழி தீர்மானிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மணியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒரே ரோடு என்று முடிவு கட்டாமல், எந்த ஊரில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு

விடியற்காலை 6 மணிக்கு முன் நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகம் பிடிக்கலாம். 58 கிலோமீட்டருக்கு 70 நிமிடம். பகலில் கூட்டமில்லாத நேரத்தில் சராசரி 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 நிமிடம் ஆகும். காலை 8 முதல் 10 வரை, மாலை 4 முதல் 7 வரை பள்ளி, கல்லூரி, அலுவலகக் கூட்டம். அப்போது 25-க்கு மேல் கணக்குப் போடாதீர்கள். 140 நிமிடம் ஆகிவிடும்.

கடற்கரைச் சாலையில் நேரம் அப்படி ஏறி இறங்காது. வளைவு, வேகத்தடை, ஊருக்குள் குறுகல் எல்லாம் எந்நேரமும் இருப்பதால் காலையோ மாலையோ சராசரி 28-க்கு அருகில்தான் நிற்கும். 70 கிலோமீட்டருக்கு 150 நிமிடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கடற்கரை வழி 80 நிமிடம் கூடுதல். பகலில் 50 நிமிடம். கூட்ட நேரத்தில் வெறும் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போவதைவிட, முட்டம் வழியாகப் போவதே மேல். ஆக, ஹைவேயில் கூட்டம் ஏறும் நேரத்தில்தான் கடற்கரை வழி லாபம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ரோடு காலியாக இருக்கும் விடியற்காலையில் கடற்கரைக்கு இறங்கிவிட்டு, திரும்பும்போது மாலை ஐந்து மணிக்கு நாகர்கோவிலுக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயம். கடற்கரை வழியில் நிற்காமல் போகப்போவதில்லை. நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் 20 நிமிடம் சேருங்கள். வண்டியை ஓரங்கட்டி, குழந்தைகள் காலில் ஒட்டிய மணலைத் தட்டி, மறுபடி ஏறிக் கிளம்ப அவ்வளவு ஆகும். மூன்று இடம் என்றால் ஒரு மணி நேரம்.

ஹைவேயில் எங்கே நேரம் போகிறது

நாகர்கோவில் ஊருக்குள் வேலை இல்லையென்றால் வடசேரி, மீனாட்சிபுரம் பக்கமே போகக் கூடாது. பார்வதிபுரம் மேம்பாலம் 2018-ல் திறந்த பிறகு அந்த முக்கில் காத்துக் கிடப்பது குறைந்திருக்கிறது. ஏறிவிட்டால் சுங்கான்கடை வரை ஓரளவு சீராகப் போகலாம். மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலமும் அதே ஆண்டில் திறந்ததுதான், சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம். மார்த்தாண்டத்தில் இறங்க வேண்டியதில்லை என்றால், தொடக்கத்திலேயே மேம்பாலத்துக்கான பக்கத்தைப் பிடியுங்கள். கீழ்ச்சாலைக்குள் தவறிப் போய்விட்டால் சந்தைக் கூட்டத்திலும் பஸ் நிற்கும் இடத்திலும் அரை மணி நேரம் போய்விடும்.

வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் இடையிலும், அழகியமண்டபத்தைச் சுற்றியும் ரோடு இருவழிதான். முன்னால் பாறைப்பொடியோ ஜல்லியோ ஏற்றிய டாரஸ் லாரி போனால், அதைத் தாண்ட நேரான இடம் கிடைக்க மூன்று நான்கு கிலோமீட்டர் ஆகும். வளைவில் துணிந்து தாண்டுவதுதான் இந்த ரோட்டில் நடக்கும் மிக மோசமான தப்பு. லாரியின் நீளம், மேட்டில் அது இழுக்கும் வேகம், எதிரே வரும் அரசு பஸ் இவை மூன்றையும் ஒரே பார்வையில் கணக்கிட யாராலும் முடியாது. பின்னாலேயே போனாலும் போவது ஐந்தாறு நிமிடம்தான்.

புதிதாகப் போடும் நான்குவழிச் சாலையில் திறந்துவிட்ட துண்டுகள் வந்தால் அங்கே வேகம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது அந்தத் துண்டு முடியும் இடம். எண்பதில் வந்து பழகிய கால், பழைய குறுகல் ரோட்டில் சேரும்போது பிரேக்கை அழுத்தத் தாமதிக்கும். 'மாற்றுப்பாதை' பலகையைப் பார்த்த உடனேயே 40-க்கு இறக்கிவிடுங்கள். இரவில் மண்மேடும் தடுப்பும் கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

இடையில் மாறும் நான்கு இணைப்புகள்

கடற்கரைச் சாலைக்கும் ஹைவேக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு ரோடுகள் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் 'முழுதும் கடற்கரை' அல்லது 'முழுதும் ஹைவே' என்ற கட்டாயமே இல்லை.

முதல் படி ராஜாக்கமங்கலம். இங்கிருந்து ஈத்தாமொழி பக்கமாக நாகர்கோவிலுக்கு சுமார் 12 கிலோமீட்டர். நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி இதுதான். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நல்ல நிழல். கன்னியாகுமரி, மணக்குடி, சொத்தவிளை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் இங்கேயே ஏறிவிடலாம்.

இரண்டாவது முட்டம். அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியாக நாகர்கோவில் பக்கம் ஏறலாம். அரை நாள் மட்டும் கையில் இருக்கும் குடும்பத்துக்கு நாம் சொல்வது இந்த வழியைத்தான்: கன்னியாகுமரியிலிருந்து முட்டம் வரை கடற்கரை, பிறகு உள்ளே. கடலோரத்தின் அழகில் பெரும்பங்கு இந்த 32 கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மூன்றாவது குளச்சல். திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலைக்கு சுமார் 12 கிலோமீட்டர். கேரளம் பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் சரியான படி. நாகர்கோவில் நெரிசல் முழுவதையும் தவிர்த்துவிட்டுத் தக்கலையில் ஹைவேயைப் பிடிக்கலாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், ஊர்ப் பெயரே காரணத்தைச் சொல்கிறது.

நான்காவது தேங்காப்பட்டணம். இங்கே தாமிரபரணி கடலில் சேர்கிறது. குழித்துறை ஆறு என்றும் சொல்வார்கள், திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. மேப்பில் மறுகரையில் தூத்தூர், நீரோடி வரை ரோடு தெரிவதைப் பார்த்து நேராகவே போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே உள்ளே திரும்பி, புதுக்கடை வழியாக மார்த்தாண்டம் பக்கமோ களியக்காவிளை பக்கமோ ஏறுவதே சுலபம்.

கடற்கரை வழி என்று முடிவானால்

காலையில் கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டுங்கள், அதாவது கன்னியாகுமரியில் தொடங்கிக் குளச்சலை நோக்கி. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கடல் உங்கள் இடப்பக்கம் வரும். நம் ஊரில் இடப்பக்கம்தானே ஓட்டுகிறோம், அதனால் ரோட்டைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஓரங்கட்டலாம். மாலையில் இதே திசையில் போனால் நாலரை மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். கண்ணாடியில் உப்புப் படலமும் இருந்தால் எதிரே வரும் சைக்கிள்கூடத் தெரியாது. மாலைப் பயணம் என்றால் குளச்சலில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள்.

எந்தத் திசையானாலும் வைப்பர் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள், ஈரத் துணி ஒன்றும் வைத்திருங்கள். உப்புக்காற்றில் முன்கண்ணாடி ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறும், முதலில் தண்ணீர் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கே முடிந்தால், வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

மணக்குடியில் நில்லுங்கள். பாலத்தின் ஒரு பக்கம் பழையாறு விரிந்து காயலாகக் கிடக்கும். மறுபக்கம் ஆறு கடலில் சேரும் பொழிமுகம், அதற்கப்பால் கடல். இங்கிருந்த பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், தாண்டிப் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். சொத்தவிளையில் நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் ரோட்டில் காற்று அடித்துக்கொண்டு வந்த மணல் மெல்லியதாகப் பரவியிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இருசக்கர வண்டிக்காரர்கள் அதன்மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். மணலைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களை ஒட்டி இன்னொரு வழுக்கலும் உண்டு. மீன் வண்டியின் பின்கதவுக்கு அடியில் ஐஸ் உருகிய தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அதில் மீன் கொழுப்பும் கலந்திருக்கும். வளைவில் வண்டி சாயும்போது அது மொத்தமாக வெளியே கொட்டும். அதனால்தான் நேர் ரோட்டைவிட வளைவுகளில், அதுவும் வெளிப்புற ஓரத்தில், தார் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் ஈரம் காய்ந்திருந்தாலும் நம்ப வேண்டாம். மீன் வண்டிக்குப் பின்னால் ஓட்டும்போது குறைந்தது 20 மீட்டராவது விட்டுப் போங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம், அந்த இரண்டு மாதம் துறைமுக வண்டிகள் குறைவு.

அதே இரண்டு மாதம்தான் கடல் சீறும் காலமும். தென்மேற்குப் பருவத்தில் அழிக்கால் போன்ற தாழ்ந்த ஊர்களில் அலை தடுப்பைத் தாண்டி வீட்டுக்குள்ளும் ரோட்டுக்கும் வரும். அதற்கு முன், ஏப்ரல் மே மாதங்களில், காற்றே இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பொங்குவது கள்ளக்கடல். எங்கோ தொலைவில் ஏற்பட்ட புயலின் அலைத்தொடர் இங்கே வந்து சேர்வதால் அப்படி. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு ஹைவே. ரோட்டில் நின்ற கடல்நீரைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். அடியில் கல் பெயர்ந்து கிடக்கிறதா என்று தெரியாது, உப்புநீர் பிரேக் டிஸ்க்கையும் வயரிங்கையும் அரிக்கும்.

மீனவர் ஊர்களுக்குள் ரோடுதான் முற்றம். வலை காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள், ஞாயிறு காலையில் கோயில் முடிந்து எல்லாரும் வெளியே வருவார்கள். 20-க்கு மேல் போகாதீர்கள், ஹாரனை அழுத்திக்கொண்டே போகாதீர்கள். காய வைத்த வலை மேல் சக்கரத்தை ஏற்றினால் ஒருவருடைய பல நாள் உழைப்பு போய்விடும். அது ரோட்டில் கிடந்தாலும் இறங்கி, யாரையாவது கூப்பிட்டு, ஓரமாக இழுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இருட்டிய பிறகு கடற்கரை வழி வேண்டாம். விளக்கில்லாத இடங்களும், ரோட்டில் படுத்திருக்கும் நாய்களும் இருக்கும். பார்க்கக் கடலும் தெரியாது.

மலை வழி

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம், திருவட்டாறு, மாத்தூர், குலசேகரம், திற்பரப்பு, அருமனை என்று சுற்றிக் களியக்காவிளை போவது மூன்றாவது வழி. இதை நேரம் மிச்சப்படுத்தும் வழியாக யாரும் நினைக்க வேண்டாம், முழுப்பகல் ஒதுக்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும். எனவே காலையில் முதலில் அரண்மனை, பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம், மதியத்துக்குள் திற்பரப்பு என்று வைத்துக்கொண்டால் ஓடாமல் பார்க்கலாம். பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் நிற்கும் அந்தத் தொட்டிப்பாலத்தில் நடந்து பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும்.

ரப்பர் தோட்டத்து ரோடுகள் பார்க்கக் குளுமையாக இருக்கும். மழை பெய்தால் ஓரத்துச் செம்மண் கரைந்து தாருக்கு மேல் படியும், சோப்பு மாதிரி வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மழை சாதாரணம். இரண்டு மணிக்குள் கீழே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று செய்வார்கள். பிரேக் சூடாகிப் பிடிமானம் போவது அதனால்தான். குறுகல் மேட்டில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். பெட்ரோல் குலசேகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே கோதையாறு பக்கம் போன் சிக்னல் போய்விடும், மேப்பை முன்பே இறக்கி வைத்திருங்கள். மேல்கோதையாற்றுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், செக்போஸ்டில் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினால் திரும்பி வர வேண்டியதுதான்.

மகா சிவராத்திரியை ஒட்டி சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டு, காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ஆயிரக்கணக்கானவர்கள் இந்த உள்ரோடுகளில்தான் ஓடி வருவார்கள், இரவிலும். அந்த இரண்டு நாள் மலை வழியைச் சுற்றிப்பார்க்கத் தேர்ந்தெடுக்காதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் விளக்கைத் தாழ்த்தி, நடை வேகத்தில் போங்கள். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நடக்கும் பத்து நாளும் குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரைச் சாலைக்கும் இதே நிலைதான்.

கிழக்கே போகும்போது

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி, மதுரை பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. காவல்கிணறு போகும் நெடுஞ்சாலையே அழகான ரோடு: தோவாளைப் பூ, ஆரல்வாய்மொழிக் கணவாய், இரண்டு பக்கமும் மலை, முப்பந்தல் காற்றாலைகள். வேறு வழி தேட வேண்டாம். திருப்பதிசாரம் சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாயில் காற்று பக்கவாட்டில் தள்ளும். உயரமான வேன், மேலே லக்கேஜ் கட்டிய கார், இருசக்கர வண்டி மூன்றுக்கும் இது சிரமம். லாரியைத் தாண்டும்போது ஒரு நொடி காற்று நின்றுவிடும், லாரி மறைவிலிருந்து வெளியே வந்ததும் மொத்தமாக அடிக்கும். அந்த நொடியில்தான் வண்டி விலகும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, 60-க்குள் வைத்துத் தாண்டுங்கள்.

மேப்பை எப்படிச் சொல்லி வைப்பது

'ஹைவேயைத் தவிர்' என்று மேப்பில் போட்டால் அது கடற்கரைச் சாலையைக் காட்டும் என்பது நிச்சயமில்லை. சானல்கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரை ரோடுகளுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு பக்கம் சானல், மறுபக்கம் ஏலா என்கிற வயல், நடுவில் ஒரு கார் மட்டும் போகும் அகலம். எதிரே ஆட்டோ வந்தால் கால் கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் போகும் ஊருக்கு முன் இடைநிறுத்தங்களைச் சேருங்கள்: மணக்குடி பாலம், ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் என்று வரிசையாக. எந்த ஊரில் உள்ளே ஏறப்போகிறீர்களோ அதைக் கடைசி நிறுத்தமாக வையுங்கள். நடுவில் 'நான்கு நிமிடம் மிச்சம்' என்று புது வழி காட்டினால் ஏற்காதீர்கள், அந்த நான்கு நிமிடம் பெரும்பாலும் சானல்கரையில்தான் இருக்கும்.

யோசிக்காமல் ஹைவேயில் போக வேண்டிய சமயங்களும் உண்டு: ஆஸ்பத்திரி, ரயில், திருவனந்தபுரம் விமான நிலையம், உடம்புக்கு முடியாத பெரியவர்கள், வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தை. விமானம் ஏற்றிவிடப் போகும்போது ஹைவே. ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது தேங்காப்பட்டணத்திலோ குளச்சலிலோ கடற்கரைக்கு இறங்குங்கள். திரும்பும் திசை கிழக்கு, மாலையானால் வெயிலும் முதுகுக்குப் பின்னால். பனங்காட்டு ஓரத்தில் அக்கானியோ (பதநீர்) நுங்கோ விற்பவர்கள் இருந்தால் நின்று குடிக்க நேரமும் இருக்கும்.